தீபாவளி முற்பணமும் வகுத்தல் கணக்கும்: விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி

அப்புத்தளை, ஹல்துமுல்லை, பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களில் தீபாவளி நெருங்கினால் வீட்டுப் பேச்சு முற்பணத்தைப் பற்றித்தான் இருக்கும். தோட்ட நிர்வாகம் தரும் அந்தப் பணம் பின்னர் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்படுகிறது. எத்தனை மாதம், மாதத்துக்கு எவ்வளவு என்பது ஒரு வகுத்தல் கணக்கு. அதைப் போடத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் சம்பளச் சீட்டைச் சரிபார்க்கலாம். அந்த ஒருவர் தரம் 4இல் படிக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம்.

ஆனால் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் பலர் தடுமாறும் இடமே வகுத்தல்தான். பெருக்கல் வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒப்புவிக்கும் பிள்ளை, "48ஐ 6ஆல் வகுத்தால்?" என்றதும் நின்றுவிடும். இந்தத் தடுமாற்றம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையோடு முடிவதில்லை. பின்னம், விகிதம், சதவீதம் எல்லாம் வகுத்தலில் நிற்பவை. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாத பிள்ளைக்கு உயர்தரத்தின் கதவு திறப்பது கடினம். நீண்ட காலம் ஓராசிரியர் பாடசாலைகளாக இருந்து, 1970களில்தான் அரச பொறுப்புக்கு வந்த தோட்டப் பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு இந்த இழப்பு இன்னும் பெரியது.

கற்க வேண்டியது எவ்வளவு?

பயப்படும் அளவுக்கு இல்லை. 1ஆம், 10ஆம் வாய்ப்பாடுகள் எளிதானவை. மிஞ்சுவது 2 முதல் 9 வரை. அதில் 64 பெருக்கல்கள் உள்ளன. 6×8, 8×6 இரண்டும் ஒன்றே என்பதால் உண்மையில் மனதில் பதிய வேண்டியவை 36 மட்டுமே. நாளுக்கு 4 என்று எடுத்தால் 9 நாட்களில் முடிந்துவிடும். டிசம்பர் விடுமுறையில் இதற்குத் தாராளமாக இடமுண்டு.

ஒவ்வொன்றையும் குடும்பமாகப் படிக்க வேண்டும்:

6 × 8 = 48
8 × 6 = 48
48 ÷ 6 = 8
48 ÷ 8 = 6

இப்படிப் படித்தால் வகுத்தலுக்கென்று தனி வாய்ப்பாடு தேவையில்லை. "6ஐ எதனால் பெருக்கினால் 48 வரும்?" என்ற கேள்வியே போதும்.

பண்டிகைக் கணக்குகள்

வகுத்தலுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று பங்கிடுதல்: இத்தனை பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு எத்தனை? மற்றது கட்டுக்கட்டாகப் பிரித்தல்: ஆளுக்கு இத்தனை கொடுத்தால் எத்தனை பேருக்குப் போதும்? பிள்ளை இரண்டையும் பழக வேண்டும்.

தீபாவளி: 72 முறுக்கு. லயத்தில் 9 காம்பராக்கள். வீட்டுக்கு எத்தனை? (8)

திருக்கார்த்திகை: 28 விளக்கு. வாசலுக்கு 4 வைத்தால் எத்தனை வாசலுக்குப் போதும்? (7)

நத்தார்: 40 கேக் துண்டு. தட்டுக்கு 8 வைத்தால் எத்தனை தட்டு? (5)

தைப்பொங்கல்: கோலத்துக்கு 42 புள்ளி, 6 வரிசை. வரிசைக்கு எத்தனை? (7)

நோன்பு திறத்தல்: 27 பேரீச்சம்பழம், ஆளுக்கு 3. எத்தனை பேருக்கு? (9)

மீதி வரும் கணக்குகளும் வேண்டும். 50 லட்டை 8 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 6, மீதி 2. அந்த இரண்டை என்ன செய்யலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். மீதி என்பது பிழை அல்ல, அதுவும் விடையின் பகுதி என்பது அப்போது விளங்கும்.

வீட்டில் செய்வது எப்படி?

முதலில் கையால் செய்ய வேண்டும். புளியங்கொட்டையோ சிறு கற்களோ போதும். 24 கொட்டைகளை 4 சிரட்டைகளில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு 24 ÷ 4 என்பது வெறும் எழுத்தாகத் தெரியாது. அடுத்து அதைப் படமாக வரையட்டும். எண்ணாக எழுதுவது அதன் பிறகு.

பழைய கலண்டர் தாளை 36 துண்டுகளாக வெட்டி அட்டை செய்யலாம். ஒரு பக்கம் 48, மறுபக்கம் 6, 8. ஒரு எண்ணை விரலால் மூடி மற்றதைக் கேட்க வேண்டும். உடனே சொன்னவை ஒரு கட்டு, யோசித்தவை இன்னொரு கட்டு. மறுநாள் இரண்டாவது கட்டிலிருந்து தொடங்குங்கள். நாளுக்கு 10 நிமிடம் போதும். நேரம் பிடித்து விரட்டுவதும், மற்றப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் வேண்டாம்.

பெற்றோருக்கும் தேவையானது

போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து படிப்பு அறுந்துபோன பலர் இன்று பெற்றோராக இருக்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறி, அங்கும் போரைக் கண்ட குடும்பங்களும் உண்டு. "எனக்கே கணக்குத் தெரியாது" என்று ஒதுங்கத் தேவையில்லை. அட்டையின் மறுபக்கத்தில் விடை இருக்கிறது. பிள்ளையோடு சேர்ந்து படிக்கலாம்.

பயிற்சியின் கடைசி நாளில் உண்மையான கணக்கு ஒன்றைக் கொடுங்கள். முற்பணம் 18,000 ரூபாய், 9 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். 18 ÷ 9 = 2 என்று தெரிந்த பிள்ளை மாதம் 2,000 என்று சொல்லிவிடும். சீட்டில் 2,300 பிடித்திருந்தால் மாதம் 300 கூடுதல், 9 மாதத்தில் 2,700. தோட்டக் கந்தோரில் கேட்பதற்கு அதுதான் ஆதாரம்.

வடக்கில் நுண்கடன் எடுத்த வீட்டுக்கும் இதே வழிதான். 60,000 ரூபாய் கடன், 12 மாதம் என்றால் முதல் மட்டும் மாதம் 5,000. தவணை 6,200 என்றால் ஆண்டுக்கு 14,400 ரூபாய் மேலதிகமாகப் போகிறது. கையெழுத்து வைக்கும் முன் இந்த வகுத்தலைப் பிள்ளையைக் கொண்டு ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது.