முத்தையா, எஸ். (1930–2019)

பத்திரிகையாளர், சென்னையின் சமூக வரலாற்றை எழுதியவர். நகரத்தார் குடும்பத்தில், இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பள்ளத்தூரில் 1930 ஏப்ரல் 13 அன்று பிறந்தார். தந்தையின் தொழில் கொழும்பில் என்பதால் வளர்ந்ததும் அங்கேதான். உயர்படிப்புக்கு அமெரிக்கா போய் வந்தவர், 1951இல் கொழும்பின் ‘டைம்ஸ் ஆஃப் சிலோன்’ நாளிதழில் சேர்ந்தார்.

அமெரிக்காவில் பத்திரிகைக்காரர்கள் சமூக வரலாறு எழுதுவது அப்போதே பழகிப்போன ஒன்று. ‘ஹார்ப்பர்ஸ்’ இதழைச் சேர்ந்த ஃபிரெடரிக் லூயிஸ் ஆலன் 1920களின் அமெரிக்க வாழ்க்கையை உடை, வானொலி, மதுவிலக்கு, பங்குச்சந்தை என்று 1931இல் ‘ஒன்லி யெஸ்டர்டே’ நூலில் சொல்லி, லட்சக்கணக்கானோரைப் படிக்க வைத்தார். அரசர்களையும் போர்களையும் விட்டுவிட்டு, மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்கும் வரலாறு அது. தமிழ்நாட்டில் அந்தப் பாதையில் நெடுந்தூரம் நடந்தவர் முத்தையா.

கொழும்புப் பத்திரிகையில் அவர் கழித்த பதினேழு ஆண்டுகள் இந்திய வம்சாவளியினருக்கு நல்ல காலமாக இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. அவர்களோடு ஒப்பிட்டால் முத்தையா வசதியானவர். ஆனாலும் 1968இல் அவரும் கப்பலேறியவர்களின் பக்கத்துக்கே வந்து சேர்ந்தார். அந்த அனுபவத்தின் கணக்கை 2003இல் ‘தி இண்டோ-லங்கன்ஸ்’ என்ற நூலில் தீர்த்தார். இலங்கைக்குப் போன இந்தியர்களின் இருநூறாண்டுக் கதை அது.

சென்னையில் கிடைத்தது பத்திரிகை வேலை அல்ல. டி.டி.கே. குழுமத்தின் வரைபட நிறுவனமான டி.டி. மேப்ஸில் சேர்ந்தார். தெருக்களைச் சரியான இடத்தில் வரைய வேண்டுமானால், அந்தத் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் என்ற கேள்வி தானாக வரும். சுற்றுலாப் பயணிகளுக்கான கையேடாகத் தொடங்கிய வேலை 1981இல் ‘மெட்ராஸ் டிஸ்கவர்டு’ என்ற நூலாயிற்று. ஒவ்வொரு பதிப்பிலும் பருத்து, ‘மெட்ராஸ் ரீடிஸ்கவர்டு’ என்று பெயர் மாறி, தமிழில் ‘சென்னை மறுகண்டுபிடிப்பு’ என்று கிழக்கு பதிப்பகத்தின் வழியாகவும் வந்தது.

அவருக்கு முன்னால் இந்த நகரைப் பற்றி எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. ஹென்றி டேவிசன் லவ் 1913இல் வெளியிட்ட ‘வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்டு மெட்ராஸ்’ தொகுதிகளும், சி.எஸ். சீனிவாசாச்சாரி 1939இல் எழுதிய நகர வரலாறும் இன்றும் அடிப்படை நூல்கள்தாம். ஆனால் அவை கோட்டை ஆவணங்களிலிருந்து பிறந்தவை. நூலக அலமாரியை விட்டு அதிகம் இறங்காதவை. முத்தையா வரலாற்றைக் காலைக் காப்பியோடு படிக்கக் கூடியதாக மாற்றினார். 1991இல் தொடங்கிய ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ என்ற மாதமிருமுறை இதழ் ஒரு கட்டத்தில் பணமில்லாமல் நிற்கப் பார்த்தது. நகரின் தொழில் நிறுவனங்கள் சில சேர்ந்து தாங்கிப் பிடித்தன. 1999 முதல் ‘தி இந்து’வில் திங்கள்தோறும் ‘மெட்ராஸ் மிஸலனி’ என்ற பத்தி வந்தது; ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஓடியது.

அந்தப் பத்தியில்தான் அவருடைய தனித்தன்மை இருக்கிறது. ‘தபால்காரர் தட்டியபோது’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பகுதி அடிக்கடி வரும். முந்தைய வாரத்துக் கட்டுரைக்கு வாசகர்கள் எழுதிய திருத்தம், கூடுதல் தகவல், தாத்தா காலத்துப் புகைப்படம், குடும்பக் கதை எல்லாம் அதில் இடம்பெறும். லண்டனிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும்கூடக் கடிதம் வந்தது. அரசு ஆவணக் காப்பகத்துக்குள் ஒருநாளும் நுழையாத செய்திகள் இப்படிச் சேர்ந்தன. கல்விப்புல வரலாற்றாசிரியர்கள் அடிக்குறிப்பு இல்லையே என்று முகம் சுளித்ததுண்டு. அந்தக் குறை நியாயமானதுதான். ஆனால் அவர்களில் எவருக்கும் வாராவாரம் திருத்திக் கொடுக்க இத்தனை வாசகர்கள் வாய்க்கவில்லை.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். பாரி, சிம்ப்சன் போன்ற நிறுவனங்களின் வரலாறுகளையும் அவர் எழுதினார். சேப்பாக்கம் கிரிக்கெட், செட்டிநாட்டு மரபு, ஆங்கிலோ-இந்தியர்கள் ஆகியவை பற்றியும் நூல்கள் உண்டு. கம்பெனி வரலாறு எழுதும்போது யாருடைய பேனாவும் கொஞ்சம் பவ்யமாகிவிடும், அவருடையதும் விதிவிலக்கல்ல. கிளப், கல்லூரி, வங்கி, துரைமார் பங்களா இவற்றில் நின்று நிதானித்த அளவுக்கு வடசென்னையின் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் அவர் நிற்கவில்லை.

நகருக்கு வெளியே இந்த இடைவெளி இன்னும் பெரிது. எடுத்துக்காட்டாக, கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளர் மைக்கேல் டாப்பிங் பற்றி அவர் திரும்பத் திரும்ப எழுதினார். 1794இல் டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளியே பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில், டாப்பிங்கின் பெயரையும் 1792 என்ற ஆண்டையும் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. அந்த வானாய்வகத்தின் பணி 1899இல் கொடைக்கானலுக்கும், 1960களில் ஜவ்வாது மலையின் காவலூருக்கும் நகர்ந்தது. அங்கே 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் தாங்கியது. தொலைநோக்கியின் வரலாறு இப்படிச் சங்கிலியாக நமக்குத் தெரிகிறது. அதைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் கதைக்கோ இன்னும் 1881இன் வட ஆற்காடு மாவட்டக் கையேட்டையும் 1909இன் எட்கர் தர்ஸ்டன் தொகுதிகளையும் புரட்ட வேண்டியிருக்கிறது. வேடர்கள் கடத்திய பெண்களை மீட்கக் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட ஏழு வேளாளர்கள், பாலாற்று வெள்ளத்தில் பாதியில் திரும்பிய நாய்கள், கணவர்கள் இறந்தார்கள் என்று எண்ணிக் கருமம் முடித்த மனைவியர், பிறகு வேடர் பெண்களை மணந்து மலையேறியவர்கள் என்ற அந்த அழகான தோற்றக் கதைகூட வெள்ளை அதிகாரிகள் எழுதி வைத்தபடியே உலவுகிறது. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து கடிதம் போட்டுத் திருத்துவதற்கு அங்கே ஒரு வாராந்தரப் பத்தி இருந்ததில்லை.

எழுத்தோடு முத்தையா நிற்கவில்லை. ஃப்ரீமேசன்கள் 1839இல் கட்டிய, மெரினாவில் உள்ள காவல்துறைத் தலைமையகத்தை இடிக்க 1990களில் அரசு முனைந்தது. மரபு ஆர்வலர்கள் நீதிமன்றம் போனதால் கட்டடம் தப்பியது. 1897இல் எழுந்த அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2010இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு காத்தது. இத்தகைய சண்டைகளை மியூசிங்ஸ் விடாமல் பின்தொடர்ந்தது. மரபுக் கட்டடங்களுக்கென ஒரு சட்டம் வேண்டும் என்று அது ஆண்டுக்கணக்கில் எழுதிய பிறகு, 2012இல் தமிழ்நாடு மரபுசார் ஆணையச் சட்டம் நிறைவேறியது.

பத்திரிகையாளர்கள் சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகியோருடன் சேர்ந்து 2004இல் தொடங்கிய மெட்ராஸ் தினம் ஆகஸ்ட் 22 அன்று கொண்டாடப்படுகிறது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இப்பகுதியை ஆண்ட நாயக்கர் நிலம் வழங்கிய நாள் அது. ஆவணப் படியொன்று ஜூலை 22 என்கிறது. அந்தத் தேதியில் கம்பெனியின் முகவர் பிரான்சிஸ் டே இங்கே வந்தே சேரவில்லை என்பதால் ஆகஸ்ட் நிலைத்தது. அதைவிடப் பெரிய ஆட்சேபம், மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் கம்பெனி வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்த ஊர்கள் என்பது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் இந்த வாதம் எழுகிறது. நடைச்சுற்றுலாக்களும் சொற்பொழிவுகளும் அதோடு கூடவே நடக்கின்றன.

பிரித்தானிய அரசு 2002இல் அவருக்கு எம்.பி.இ. விருது அளித்தது. அவர் பதிப்பித்த சென்னை பற்றிய பெருந்தொகுப்பு மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. 2019 ஏப்ரல் 20 அன்று சென்னையில் காலமானார். மியூசிங்ஸின் ஆசிரியர் பொறுப்பை, அவரோடு நெடுங்காலம் எழுதிவந்த வி. ஸ்ரீராம் ஏற்றார்.