துண்டும் மேடையும்

நாதம் வேண்டும்; நாதத்தை எழுப்புபவனுக்கு ஆசனம் வேண்டாம்! மங்கல இசை என்று மகிழ்வர். அதை வாசிப்பவன் தோளில் துண்டு கிடந்தால் முகம் சுளிப்பர். இதுவா கலைப்பற்று? கலைஞனின் உழைப்பை உண்டு, அவன் மானத்தை மிதிக்கும் வழக்கமன்றோ இது!

1930ஐ ஒட்டிய காலம். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு திருமணம். ஊர்வலத்தில் நாயனம் வாசித்து வந்தார் மதுரை சிவக்கொழுந்து. வியர்வை துடைக்க அவர் தோளில் போட்டிருந்த துண்டு, செல்வர் சிலரின் கண்ணை உறுத்திற்று. எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவேண்டாம் என்று துணை நின்றார் பட்டுக்கோட்டை அழகிரி. ஒரு முழத் துணிக்கு ஒரு போராட்டம்!

அத்தகைய நாட்டில்தான், 1898இல் திருமருகலில் பிறந்த திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம், தம் மேளத்தின் தலைவராக நிமிர்ந்து நடந்தார். மேலாடையின்றி வாசிப்பது மரபு என்றனர். அவர் பட்டுச் சட்டையும் ஷெர்வாணியும் அணிந்தார். குடுமி மரபு என்றனர், கிராப்பு வைத்தார். நின்றும் நடந்தும் ஊதுவதே முறை என்றனர். வாய்ப்பாட்டுக்காரர் போல் மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்றார். அமர்ந்தார்; அவையும் அமர்ந்து கேட்டது!

வெறும் வீம்பு அன்று அது. உரத்துக் கத்தும் திமிரிக்கு மாற்றாக, ஆழ்ந்து ஒலிக்கும் நீண்ட பாரி நாயனத்தை நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைத்திறனால் உருவாக்கச் செய்தார். தோடி என்றால் இராசரத்தினம் என்று நாடு சொல்லிற்று. 1940இல் 'காளமேகம்' படத்தில் நடித்தார். 1947இல் தில்லி விடுதலை விழாவில் அவர் நாயனம் முழங்கிற்று. 1956இல் மறைந்தார்.

கடல் கடந்தும் இதே கதை. அவருக்கு ஓராண்டு இளையவர், அமெரிக்க ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டன். 1927 முதல் நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் அவர் வாசித்தார். மேடையில் கறுப்பர், கேட்கும் இருக்கைகளோ வெள்ளையர்க்கு! தென் மாநிலங்களில் தங்க விடுதி கிடையாது. தனி ரயில் பெட்டியில் படுத்துறங்கிப் பயணம் செய்தது அவர் குழு. அங்கே நிறம், இங்கே சாதி, நோய் ஒன்றே!

துடியலூர்த் தோழர்களே! நம் கொங்கு நாட்டுத் திருமணங்களில் மங்கல வாழ்த்துப் பாடுபவர் நாவிதர். அவர் வாயால் வாழ்த்துக் கேட்டுத் தலை குனிகின்றனர் மணமக்கள். மறுநாள் அவர் தெருவில் வரும்போது, "வாங்க" என்று சொல்லுமா அந்த வீடு? பறை முழக்குபவருக்கும் தவிலடிப்பவருக்கும் முதற்பந்தியில் இலை உண்டா?

இராசரத்தினம் மேதை, ஆகவே மேடையைப் பறித்துக்கொண்டார். மேதையல்லாதவன் என்ன செய்வான்? நாற்காலி திறமைக்குத் தரும் பரிசாக இருக்கும்வரை, திறமை குறைந்தவன் நின்றுகொண்டேதான் இருப்பான். மானம் பரிசன்று, பிறப்புரிமை! அடுத்த மணவிழாவில் மேளத்தார் வந்ததும் எழுந்து வரவேற்பீர், அமரச் செய்வீர், உடன் அமர்ந்து உண்பீர். இராசரத்தினத்துக்கு நாம் எழுப்பும் நினைவுச் சின்னம் அதுவே!