குறுக்கே நின்ற ஆரஞ்சு சேலை

ஆடை வடிவமைப்பாளர் பானு அதையாவின் பெயர் ஆஸ்கர் மேடையில் ஒலித்த 1983 ஏப்ரல் 11-ம் தேதிக்கு இந்த வாரம் வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தேன். லாஸ் ஏஞ்சலீஸ் போகும் வழியில் ஒரு சேலை குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1968-ல் வந்த இந்திப் படம் ‘பிரம்மச்சாரி’. ஷம்மி கபூரோடு மும்தாஜ் ஆடும் விருந்துப் பாட்டு. ஆட்டமோ மேற்கத்திய வேகம், உடுத்தியிருப்பதோ சேலை. ஐந்தரை மீட்டர் துணி அந்தத் துள்ளலுக்கு ஈடு கொடுக்குமா? கொசுவம் அவிழும், முந்தி நழுவும். கவுன் போட்டு ஆடவிட்டிருந்தால் வேலை சுலபம். பானு அதைச் செய்யவில்லை. ஆரஞ்சு நிறச் சேலையை உடம்போடு ஒட்டி மடித்து, மடிப்புகளைத் தைத்து, ஜிப் வைத்துவிட்டார். சேலையின் கரை, ஆடுகிறவரின் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஏறியது. இன்றும் கடைகளில் அதற்கு ‘மும்தாஜ் சேலை’ என்றுதான் பெயர்.

சேலைக்குத் தையல் போடலாமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சத்தியமங்கலத்தில் வளர்ந்த நான் அந்தக் கட்சியில் இல்லை. எங்கள் அம்மாயி பின்கொசுவம் வைத்துக் கட்டுவார். நாள் முழுக்க வயலில் குனிந்து நாற்று நட்டாலும் அந்தக் கட்டு அவிழாது. ஒரு ஊக்குகூடக் கிடையாது. செய்கிற வேலைக்குத் தகுந்தபடி சேலை கட்டுவதுதான் நம் வழக்கம். வயலுக்கு அம்மாயி செய்ததை ஆட்டத்துக்கு பானு செய்தார். துணியை வெட்டி, ஒட்டி, உருவம் கொடுப்பது கவுன். மடித்தே உருவம் கொடுப்பது சேலை. இரண்டின் இலக்கணமும் தெரிந்த கைக்குத்தான் இது வரும்.

‘பிரம்மச்சாரி’க்கு மூன்று ஆண்டுகள் முன்பு, ‘வக்த்’ படத்தில் நடிகை சாதனாவுக்கு உடம்பைப் பிடித்த குர்தாவும் சுடிதாரும் தைத்தவரும் பானுவே. நாடெங்கும் பெண்கள் அதைத் தையற்காரரிடம் கேட்டு வாங்கினார்கள். பெயர் மட்டும் நடிகைக்குப் போனது. இந்தக் கதையில் வில்லன் யார் என்று கேட்டால், இந்த வழக்கத்தைத்தான் கை காட்டுவேன். கோபிச்செட்டிபாளையம் பக்கம் எத்தனை படப்பிடிப்பு பார்த்திருக்கிறோம்! மரத்தடியில் இஸ்திரிப் பெட்டியோடு நின்ற காஸ்ட்யூமரின் பெயரை யார் கேட்டோம்?

மினுமினுக்கும் விருந்து உடையைத் தைத்த இதே கைதான் ‘காந்தி’ படத்தில் பென் கிங்ஸ்லிக்குக் கதரும் அமைத்தது. கோட்டு சூட்டில் தொடங்கி, 1921-ல் மதுரையில் காந்தி ஏற்ற அரையாடை வரை, ஒரு மனிதரின் வாழ்க்கையையே துணியில் சொல்ல வேண்டிய வேலை. இந்தப் படத்துக்காகச் சக ஆடை வடிவமைப்பாளர் ஜான் மோலோவுடன் பானு பகிர்ந்துகொண்ட அந்த ஆஸ்கர், இந்தியர் ஒருவர் பெற்ற முதல் ஆஸ்கர். அந்த இரவை அடுத்த வாரம் முழுதாகப் பார்ப்போம்.

இப்போதைக்கு ஒன்று. தனக்குப் பிறகு அந்தச் சிலை இங்கே பத்திரமாக இருக்காது என்று அஞ்சி, 2012-ல் பானு அதை ஆஸ்கர் அகாடமியிடமே திருப்பி ஒப்படைத்தார். 2020 அக்டோபரில் அவர் மும்பையில் காலமானபோது, சிலை அமெரிக்காவில் இருந்தது.