ஏதென்ஸ் நெறிமுறை

ஆலைக் கழிவு, நகரச் சாக்கடை, ஆற்றோடு வரும் நஞ்சு என நிலத்திலிருந்து மத்தியதரைக் கடலில் சேரும் மாசைத் தடுக்க, அக்கடலோர நாடுகள் 17 மே 1980 அன்று ஏதென்ஸ் நகரில் ஏற்ற பன்னாட்டு ஒப்பந்தம். 1976ஆம் ஆண்டின் பார்சிலோனா உடன்படிக்கையைச் செயற்படுத்தும் துணை ஒப்பந்தங்களுள் ஒன்று.

பின்னணி

கடல் மாசைப் பற்றிய பன்னாட்டுச் சட்டங்கள் முதலில் கப்பல்களையே குறிவைத்தன. கரையிலிருந்து வழியும் கழிவு அந்தந்த நாட்டின் உள்விவகாரம் எனக் கருதப்பட்டது. பால்டிக் கடலுக்கான ஹெல்சிங்கி உடன்படிக்கையும் வடகிழக்கு அட்லாண்டிக்குக்கான பாரிஸ் உடன்படிக்கையும் 1974-ல் இந்நிலையை மாற்றின. மத்தியதரைக் கடலின் தேவை இன்னும் அவசரமானது. மேற்கே அதன் வாயிலான ஜிப்ரால்டர் நீரிணை, குறுகிய இடத்தில் 14 கி.மீ. அகலமே உள்ளது. நீர் மெல்லவே புதுப்பிக்கப்படுவதால், சேர்ந்த மாசு நெடுங்காலம் தங்கிவிடுகிறது.

விதிகள்

பேச்சுவார்த்தை எளிதாக இல்லை. பெருந்தொழில்கள் வடகரையில் குவிந்திருந்தன. புதிதாகத் தொழில் வளர்த்துவந்த தென்கரை நாடுகள், கடும் விதிகள் தங்கள் முன்னேற்றத்தை முடக்கும் என அஞ்சின. இறுதியில் இரு பட்டியல்கள் உருவாயின. பாதரசம், காட்மியம், கதிரியக்கப் பொருள்கள் போன்றவை கரும்பட்டியலில் இடம்பெற்றன. அவற்றால் வரும் மாசை ஒழிக்க வேண்டும். துத்தநாகம், செம்பு, ஈயம் முதலியவை இரண்டாம் பட்டியலில் சேர்ந்தன. அவற்றை அரசின் அனுமதி பெற்றே வெளியேற்றலாம். நஞ்சாக இல்லாவிட்டாலும் அளவு மிகுந்தால் கடலுக்குக் கேடாகும் பொருள்களும் இதில் அடங்கின. நெறிமுறை 1983-ல் நடைமுறைக்கு வந்தது.

திருத்தம்

1996-ல் சிசிலித் தீவின் சிராகூசா நகரில் இது திருத்தப்பட்டது. கடலில் வடியும் ஆறுகளின் வடிநிலம் முழுவதும் இதன் எல்லைக்குள் வந்தது. எளிதில் சிதையாமல் உயிரினங்களின் உடலில் சேரும் நச்சுப்பொருள்களைப் படிப்படியாகக் கைவிடுவது முதன்மைக் கடமையாயிற்று. அனுமதிகள் மீறப்படாமல் கண்காணிக்க ஆய்வு முறையை ஏற்படுத்துவதும் அரசுகளின் பொறுப்பாயிற்று. திருத்தம் நடைமுறைக்கு வர 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெர் காயல் வழக்கு

பிரான்சின் மார்செய் நகருக்கு அருகிலுள்ள பெர் காயல் உவர்நீர் கொண்டது. எலெக்ட்ரிசித்தே த பிரான்ஸ் நிறுவனத்தின் நீர்மின் நிலையம், துராஞ்ஸ் ஆற்றின் நன்னீரையும் வண்டலையும் இதில் பெருமளவில் கொட்டிவந்தது. காயலின் மீனவர் சங்கம் ஏதென்ஸ் நெறிமுறையைக் காட்டி வழக்காடியது. அனுமதியின்றிக் கழிவு வெளியேற்றக் கூடாது என்ற அதன் விதியை, பாதிக்கப்பட்ட எவரும் நாட்டு நீதிமன்றத்தில் நேரடியாக எடுத்துரைக்கலாம் என 2004-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மதிப்பீடு

அரசுகள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு, வலைவீசிப் பிழைப்போரின் உரிமையாகவும் மாறியது இந்நெறிமுறையின் பெரும்பேறு. ஆயினும் அத்தீர்ப்பு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளையே கட்டுப்படுத்தும். தென்கரையிலும் கீழ்க்கரையிலும் உள்ள மற்ற நாடுகளின் மீனவர்களுக்கு அதே உரிமை, அவரவர் நாட்டுச் சட்டம் இடமளித்தால்தான் கிட்டும்.