சுவரில் ஒட்டிய வேதாளம்



தோட்டத்து லயத்தில் வளர்ந்த பெரியவர்களிடம், சின்ன வயதில் பார்த்த படப் புத்தகம் எது என்று கேட்டுப் பாருங்கள். பலர் 'அம்புலிமாமா' என்பார்கள். உடனே, வாளேந்திய அரசன் தோளில் பிணத்தைச் சுமந்து சுடுகாட்டில் நடக்கும் படத்தையும் சொல்வார்கள். கதை மறந்திருக்கும், படம் மறந்திராது.

இந்தியா விடுதலை பெறுவதற்கு ஒரு மாதம் முன்னே, 1947 ஜூலையில், நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் இவ்விதழைத் தொடங்கினார்கள். பின்னாளில் 'பாதாள பைரவி', 'மாயா பஜார்' திரைப்படங்களை எடுத்தவர்களும் இவர்களே. தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா'. பிறகு கன்னடம், இந்தி, மலையாளம் என்று பல மொழிகளில் வெளிவரலாயிற்று. மொழிக்கு மொழி எழுத்து மாறும், படம் ஒன்றே.

வேதாளக் கதைகள் மிகப் பழையவை. 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் வடமொழியில் தொகுத்த 'கதாசரித்சாகர'த்தில் அவை 25 உண்டு. மாதம் ஒன்றாகப் போட்டால் இரண்டே ஆண்டில் தீர்ந்துவிடுமே! ஆகவே, ஆசிரியராக இருந்த குடும்பராவ் முதலானோர் அதே அரசனையும் அதே வேதாளத்தையும் வைத்துப் புதுக்கதைகளைப் புனைந்தார்கள். பல பத்தாண்டுகள் வேதாளம் முருங்கை மரம் ஏறிக்கொண்டே இருந்தது.

நம் மனத்தில் நிற்கும் அந்தப் படத்தை வரைந்தவர் சங்கர். 1924-இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, 1952-இல் இதழில் சேர்ந்தவர். ஏறத்தாழ 60 ஆண்டுகள் அங்கேயே வரைந்தார். 2020-இல் மறைந்தார், மறு ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. இருக்கும்போதே அளித்திருக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

எங்கள் லயத்துக்கே ஒரு பிரதிதான். சம்பள நாளில் பட்டணம் போகிறவர் யாராவது வாங்கி வருவார். அது வீடு வீடாகச் சுற்றும். எங்கள் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பால்மரம் வெட்டிவிட்டு வந்து, கை கழுவிய பிறகே புத்தகத்தைத் தொடுவார். நாங்கள் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள், படத்தைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடுவார். சில வேளை அச்சில் இருப்பதைவிட அவர் கதை நன்றாக இருக்கும்.

ஒருமுறை நாங்கள் அந்தப் படத்தைக் கிழித்து, சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டிவிட்டோம். அடுத்த வீட்டார் இன்னும் பார்க்கவில்லை. அம்மா எங்களை அடிக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. கிழிந்த இதழோடு அடுத்த வீட்டுக்குப் போய், இல்லாத படத்தை வாயாலேயே சொல்லிக் காட்டினார். அன்றிரவு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் மண்ணெண்ணெய் விளக்கோடு எங்கள் வீட்டுச் சுவரைப் பார்க்க வந்துவிட்டார்கள். அவர்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

2007-இல் இதழ் மும்பை நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறிற்று. சில ஆண்டுகளில் வெளிவருவது நின்றது. எங்கள் லயத்தையும் இடித்துவிட்டார்கள். அந்தச் சுவரும் போயிற்று. பள்ளி அலமாரியில் அட்டையில்லாத பழைய பிரதிகள் சில வைத்திருக்கிறோம். பேரப்பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையை வாங்க வரும் பாட்டிமார், "இந்த வேதாளம் இன்னும் இருக்கா, வாத்தியாரே?" என்று கேட்டு, அட்டையை மறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து விடுகிறார்கள்.