‘டென்னசி வால்ட்ஸ்’: ஒரு பாடலும் அதன் மறுபதிவுகளும்

ஐக்கிய அமெரிக்காவின் வெகுசன இசை வரலாற்றை எழுதுவோர், கறுப்பினத்தாரின் பாடல்களை வெள்ளையர் மீளப் பாடிப் பொருளீட்டினர் என்பதனைப் பொது விதி போலக் கூறுவர். அதற்குச் சான்றுகள் ஏராளம். ஆயினும் ‘டென்னசி வால்ட்ஸ்’ என்னும் கண்ட்ரி இசைப் பாடலின் வரலாறு அவ்விதிக்குள் எளிதில் அடங்குவதாயில்லை.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். கண்ட்ரி இசை நாட்டார் பாடலின் சாயலைத் தாங்கி நிற்பினும் நாட்டார் பாடலன்று. ஆக்கியோன் பெயரும் பதிப்புரிமையும் உடைய விற்பனைப் பண்டம் அது. இப்பாடலின் மெட்டுக்குரிய பீ வீ கிங் தென்மாநிலத்தவருமல்லர். வடக்கே விஸ்கொன்சின் மாநிலத்திற் பிறந்த போலந்து வமிசத்தவர், அக்கோடியன் வாசித்தவர். அவரது குழுவினர் பெயரிடாமலே வாசித்துவந்த வால்ட்ஸ் மெட்டொன்றுக்கு 1946 இற் பாடகர் ரெட் ஸ்டுவர்ட் சொற்களை அமைத்தார். பயணமொன்றின்போது வானொலியிற் பில் மன்றோவின் ‘கென்டக்கி வால்ட்ஸ்’ ஒலிக்கக் கேட்டே இவ்வெண்ணம் எழுந்ததென்றும், தீப்பெட்டியைப் பிரித்து அதன்மீது வரிகளை எழுதியதாகவும் பின்னாளிற் கூறப்பட்டது. இத்தகைய கதைகள் பெரும் பாடல்கள் யாவற்றுக்கும் உண்டு!

பொருள் மிக எளியது. காதலரோடு நடனமாடும் ஒருவர் பழைய நண்பரைச் சந்தித்து அறிமுகஞ் செய்கிறார். அவ்விருவரும் ஆடுகையிற் காதல் கைநழுவுகிறது. சுட்டுப்பெயரை மாற்றினால் ஆணும் பாடலாம், பெண்ணும் பாடலாம். மறுபதிவுகள் பெருகியமைக்கு இதுவும் ஒரு காரணமெனலாம்.

கிங்கின் இசைத்தட்டு 1948 இற் கண்ட்ரி இசை வட்டாரத்தில் வெற்றிபெற்றது. 1949 இற் ‘பில்போர்ட்’ வணிக இதழ், கறுப்பினத்தாருக்கான இசைத்தட்டுகளின் பட்டியலுக்கு ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று புதுப்பெயரிட்டது. கண்ட்ரி இசைக்கு வேறு பட்டியல். அப்புதுப்பெயரைத் தந்தவர் அவ்விதழில் எழுதிவந்த ஜெரி வெக்ஸ்லர். பெயர் மாறினும் வேலி மாறவில்லை. எனினும் 1950 இல் அலபாமாவிற் பிறந்த கறுப்பின எக்காளக் கலைஞர் எர்ஸ்கின் ஹோக்கின்ஸ் அவ்வேலியைத் தாண்டி, இந்த வெள்ளையர் பாடலைத் தம் இசைக்குழுவோடு பதிவுசெய்தார். அதனைக் கேட்குமாறு பாடகி பட்டி பேஜின் முகாமையாளருக்கு எடுத்துரைத்தவரும் வெக்ஸ்லரே.

நத்தார்ப் பாடலொன்றின் மறுபக்கத்தை நிரப்புதற்காகவே பேஜ் இதனைப் பாடினார். தம் குரலோடு தம் குரலையே இணைத்துப் பதிவுசெய்த அவ்விசைத்தட்டு 1950 இறுதியில் முதலிடம் பெற்று, மறு ஆண்டிலும் வாரக்கணக்கில் அங்கு நிலைத்தது. நத்தார்ப் பாடலை இன்று நினைப்பார் அரிது. ஜோ ஸ்டாபோர்ட், லெஸ் போல் - மேரி போர்ட் முதலியோரும் உடனே போட்டிப் பதிவுகளை வெளியிட்டனர்.

இவ்வளவு விரைவு எவ்வாறு இயன்றது? 1909 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாடல் ஒருமுறை பதிவாகிய பின்னர், படியொன்றுக்கு 2 சதம் செலுத்தி எவரும் அதனை மீளப் பதிவுசெய்யலாம். அப்பணம் ஆக்கியோருக்கும் பதிப்பாளருக்குமே உரியது. கிங்கும் ஸ்டுவர்ட்டும், நாஷ்விலின் அகஃப்-ரோஸ் பதிப்பகமும் பெரும்பயன் அடைந்தமை நியாயமே. ஆனால் பாடலுக்குப் புதிய வழி காட்டிய குரலுக்கோ இசையமைதிக்கோ அச்சட்டத்தில் உரிமையில்லை. ஒலிப்பதிவுக்கெனக் கூட்டாட்சிப் பாதுகாப்பு 1972 இலேயே வந்தது. ஆகவே பேஜின் வெற்றியில் ஹோக்கின்சுக்குச் சட்டப்படி ஒரு சதமேனும் உரித்தாகவில்லை. அவர் எவரது பாடலையும் இழந்தவரல்லர், இழந்தது வேறொன்று. நான் இதனை வெறுங் களவென்று கூறத் துணியேன். ஆயின் ஹோக்கின்ஸை நீக்கி இப்பாடலின் வரலாற்றை எழுதுவது பிழையாகும்.

1952 இல் யப்பானிய இளம் பாடகி சியெமி எரி ஆங்கிலமும் யப்பானியமுங் கலந்து இதனைப் பாடினார். அமெரிக்கப் படைமுகாம்களிற் பாடிப் பழகிய குரல் அது. 1964 இற் சாம் குக், மெதுவான வால்ட்ஸ் நடையைக் கைவிட்டுத் துரித கதியிற் பாடி, நியூயோர்க்கின் கோப்பகபானா விடுதியில் வெள்ளையர் நிறைந்த அவையிலும் அரங்கேற்றினார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு, 1965 இல், டென்னசி மாநிலம் இதனைத் தன் மாநிலப் பாடல்களுள் ஒன்றாக ஏற்றது. 1966 இல் ஓட்டிஸ் ரெடிங் அம்மாநிலத்தின் மெம்பிஸ் நகரிலேயே இதனை மீண்டும் பதிவுசெய்தார்.