டிராக்டர் இன்ஜின் சூடேறுகிறதா? ஹெட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கோடை உழவிலும், குறுவைக்குச் சேறடிக்கும் ஜூன், ஜூலை மாதங்களிலும் டிராக்டர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இன்ஜின் சூடாவது. ரேடியேட்டர் கொதிக்கிறது, மீட்டர் முள் சிவப்புக்குப் போகிறது என்றதும் பலர் "ஹெட் கேஸ்கட் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அவ்வளவு உள்ளே இருப்பதில்லை. ரேடியேட்டர் முகப்பில் அடைத்த வைக்கோல் தூசு, தளர்ந்த ஃபேன் பெல்ட், ரப்பர் போன மூடி ஆகிய மூன்றையும் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம். அதே சமயம், "இன்னும் ஒரு ஏக்கர்தானே" என்று சூட்டோடு ஓட்டினால் கேஸ்கட் உண்மையிலேயே போகும். அதையும் மீறி ஓட்டினால் ஹெட் விரிசல் விடும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை இன்ஜின் பிரிக்கும் வேலையாகி, உழவு சீசனில் வண்டி பட்டறையில் நிற்கும்.

முள் சிவப்பைத் தொட்டவுடன்

முதலில் கலப்பையைத் தூக்குங்கள், ரோட்டாவேட்டர் ஓடினால் பி.டி.ஓ.வை விடுவியுங்கள், கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். உடனே நிறுத்துவதா, ஓட விடுவதா என்பது, இன்ஜினுக்குள் தண்ணீர் இருந்து சுற்றிக்கொண்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பெல்ட் அறுந்திருந்தாலோ, ஹோஸ் வெடித்துத் தண்ணீர் கொட்டினாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ, இன்ஜினில் உரசும் சத்தம் வந்தாலோ அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் சுமையில்லாமல், ஐடிலிங்கைவிடச் சற்றுக் கூடுதல் வேகத்தில் மூன்று நான்கு நிமிடம் ஓட விடலாம். பம்பும் ஃபேனும் சுற்றுவதால் சூடு இறங்கும். கொதிக்கும்போது பட்டென்று நிறுத்தினால் தண்ணீர் ஓட்டம் நின்று, ஹெட்டில் தேங்கிய சூடு அங்கேயே நின்றுவிடும். ஓட விட்டும் முள் ஏறிக்கொண்டே போனால் நிறுத்துவதைத் தவிர வழியில்லை.

அந்த நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பிரஷர் குக்கர் போலத்தான் இதுவும். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஒரு பார் கூடுதல் அழுத்தம் இருந்தால் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விடுவதால், அதுவரை அடங்கியிருந்த தண்ணீர் ஒரே மூச்சில் ஆவியாகி முகத்திலும் மார்பிலும் அடிக்கும். அரை மணி நேரமாவது காத்திருங்கள். மேல் ஹோஸைச் சாக்கு வைத்து அழுத்திப் பாருங்கள்; கல் மாதிரி இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. மெத்தென்று ஆன பிறகு, ஈரச் சாக்கை நாலாக மடித்து மூடிமேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, முதல் நிறுத்தம் வரை மட்டும் திருகி, "உஸ்" சத்தம் அடங்கியதும் முழுதாகத் திறக்கலாம்.

வாய்க்கால் தண்ணீரை மொண்டு சூடான இன்ஜின்மேல் ஊற்றுவதும், காலியான ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் வழக்கத்தில் இருக்கிறது. வார்ப்பிரும்பு ஹெட் விரிசல் விட இதைவிடச் சுலபமான வழி கிடையாது. இன்ஜின் ஆறிய பிறகு, ஐடிலிங்கில் ஓட விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

எப்போது சூடாகிறது?

மெக்கானிக் வருமுன் நீங்களே கண்டுபிடிக்கக்கூடியது இது. அவருக்கும் பாதி வேலை குறையும்.

ரோட்டாவேட்டரிலும் சேற்றுழவிலும் மட்டும் சூடாகி, டிரெய்லரில் போகும்போது சரியாக இருந்தால், இன்ஜின் உண்டாக்கும் சூட்டை ரேடியேட்டரால் வெளியேற்ற முடியவில்லை என்று பொருள். முகப்பு அடைப்பு, பெல்ட், உள்ளே உப்புப் படிவு, அதிகச் சுமை ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். சுமையில்லாமல் நிற்கும்போதே, கிளப்பிய பத்து இருபது நிமிடத்தில் கொதித்தால் தண்ணீர் சுற்றவே இல்லை. தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், காற்றடைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். பல மாதமாக முள் மெல்ல மெல்ல மேலே நகர்ந்து வந்திருந்தால் ரேடியேட்டர் உட்குழாய்களில் படிவு சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நேற்று வரை சரியாக இருந்தது இன்று திடீரென்று ஏறினால் பெல்ட், ஹோஸ், ஒழுகல், தெர்மோஸ்டாட்.

முள் சிவப்பில் நின்றும் ஆவி, வாடை எதுவும் இல்லாமல் இன்ஜின் வழக்கம்போல் ஓடினால் சென்சார் அல்லது மீட்டர் கோளாறாகவும் இருக்கலாம். இதற்கு நேர்மாறானதுதான் ஆபத்து. தண்ணீர் முழுதும் வெளியேறிவிட்டால் சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இருக்காது. இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது முள் கீழே இறங்கி, எல்லாம் சரியாகிவிட்டதுபோல் காட்டும். சிவப்புக்குப் போன முள் காரணமில்லாமல் விழுந்தால் சந்தோஷப்படாமல் வண்டியை நிறுத்துங்கள்.

ரேடியேட்டர் முகப்பு

டிராக்டர் ரேடியேட்டருக்குக் காரோ லாரியோ படாத பாடு உண்டு. அவை ஓடும் வேகத்தில் காற்று தானாக உள்ளே வரும். வயலில் மூன்று நான்கு கிலோமீட்டர் வேகத்தில் முழுச் சக்தியையும் கொடுக்கும் டிராக்டருக்கு ஃபேன் இழுக்கும் காற்று மட்டும்தான். அந்தக் காற்றோடு நெல் சுணை, வைக்கோல் தூள், பருத்திப் பஞ்சு, புழுதி எல்லாம் வந்து முன்வலையிலும் தகடுகளுக்கு நடுவிலும் உட்காரும். வைக்கோல் கட்டும் பேலர் ஓட்டுபவர்கள் ஒரு நாளில் இரண்டு மூன்று முறை வலையை உருவித் தட்ட வேண்டியிருக்கும். புழுதி உழவிலும் நெல் அடிக்கும் களத்திலும் தினமும் ஒரு முறை.

முன்வலை சுத்தமாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பானெட்டைத் தூக்கி, வெளிச்சத்தில் ரேடியேட்டரின் இரண்டு பக்கமும் பாருங்கள். ஆயில் கூலர் முன்னால் இருக்கும் வண்டிகளில் அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மெத்தை மாதிரி குப்பை சேர்ந்திருக்கும், வெளியிலிருந்து தெரியாது. சுத்தம் செய்யும்போது காற்று வந்த திசைக்கு எதிராக, அதாவது ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, காற்றோ தண்ணீரோ அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளேதான் போகும். வாகனம் கழுவும் இடத்து முழு அழுத்தத்தில் அடித்தால் தகடுகள் மடங்கி வழியை அடைத்துவிடும். ஆயில் கசிவு பட்டு புழுதி களிம்பாகப் பிடித்திருந்தால் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துக் கழுவுங்கள். அந்த ஆயில் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள், இல்லையென்றால் ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடும். சூடாக இருக்கும்போது கழுவ வேண்டாம்.

ஃபேனைச் சுற்றியுள்ள தகர அல்லது பிளாஸ்டிக் உறையைப் பட்டறையில் கழற்றிவிட்டு மாட்டாமல் அனுப்புவது உண்டு. அது இல்லாவிட்டால் ஃபேன் பின்னாலிருக்கும் வெந்நீர்க் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும்.

பெல்ட், மூடி, ஹோஸ், பம்ப்

பெல்ட்டை இன்ஜின் நின்றிருக்கும்போது இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். பொதுவாக 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் இதே பெல்ட்தான் டைனமோவையும் சுற்றுகிறது. சூடாவதோடு பேட்டரியும் இறங்கினால் பெல்ட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஓரம் பளபளவென்று மின்னும் பெல்ட் வழுக்கும். அதை இறுக்குவதைவிட மாற்றுவதே நல்லது. அளவுக்கு மீறி இறுக்கினால் பம்ப் பேரிங் தேயும்.

மூடியை யாரும் ஒரு பாகமாகவே நினைப்பதில்லை. ரப்பர் வெடித்து, ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது. 100 டிகிரியிலேயே கொதித்து வெளியேறும். ஆறும்போது பக்கத்து டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்க வேண்டியதும் மூடியில் உள்ள சின்ன வால்வுதான். டப்பா நிறைந்திருந்தும் ரேடியேட்டரில் மட்டம் குறைந்திருந்தால், இரவு ஆறிய இன்ஜினில் ஹோஸ் சப்பையாக ஒட்டியிருந்தால், மூடியை மாற்றுங்கள். அதே அழுத்த எண் பொறித்த மூடியாக வாங்குங்கள். வாயில் உட்காருகிறது என்பதற்காக வேறு வண்டி மூடியைப் போடாதீர்கள்.

கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம். அது ஊறி மெத்தென்று ஆகிவிட்டால் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது உள்வாங்கி ஓட்டத்தை அடைக்கும். வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது. துளையை எம்-சீல் வைத்து அடைப்பது வைத்தியமல்ல.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடும் பழக்கம் ஒன்று உண்டு. வீடு வந்து சேர அது உதவலாம். ஆனால் ஒழுகும் துளையை அடைக்கும் தூள், நல்ல குழாய்களையும் அடைக்கும். வந்து சேர்ந்ததும் கழுவிவிட்டு, ரேடியேட்டர் பட்டறையில் பற்றவைத்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா?

"நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு" என்று கழற்றிவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். இந்த யோசனையை ஏற்க வேண்டாம். தெர்மோஸ்டாட் இல்லாத டீசல் இன்ஜின் லேசான வேலையில் தேவையான சூட்டுக்கு வராமலே ஓடும்; டீசல் கூடுதலாகப் பிடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சில இன்ஜின்களில் இதனால் சூடு இன்னும் அதிகமாகும். தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும் அமைப்பு அவற்றில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாகவே சுற்றி வரும்.

சோதிப்பது எளிது. கழற்றிய தெர்மோஸ்டாட்டைக் கம்பியில் கட்டி, அடியைத் தொடாமல் பாத்திரத் தண்ணீரில் தொங்க விட்டு அடுப்பில் வையுங்கள். பெரும்பாலானவை 80 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கும். சரியான எண் அதிலேயே பொறித்திருக்கும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் திறக்கவில்லையென்றால் புதிது வாங்குங்கள்.

போர் தண்ணீரால் வரும் வினை

உப்புப் போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதுதான் இன்ஜினுக்குள்ளும் படிகிறது. மெல்லிய ஓடு போதும், உலோகத்திலிருந்து தண்ணீருக்குச் சூடு போவது வெகுவாகக் குறையும். கூலன்ட் கலவைதான் சரி. பாதிக்குப் பாதி கலந்தது கொதிநிலையைச் சில டிகிரி உயர்த்துவதோடு, துரு பிடிக்காமலும் காக்கும். கலக்கும் தண்ணீர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். அவசரத்துக்கு, வடிகட்டிய மழைநீர் போரைவிட எவ்வளவோ மேல். வெவ்வேறு வகைக் கூலன்ட்டுகளைக் கலக்காதீர்கள்.

படிந்துவிட்டதா என்று அறிய, நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, நிறுத்தி, ஃபேன் நின்ற பிறகு ரேடியேட்டர் முகப்பில் ஆங்காங்கே புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சுற்றிலும் அனல் அடிக்க, நடுவில் திட்டுத் திட்டாகச் சூடில்லாமல் இருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. கடையில் கிடைக்கும் ரேடியேட்டர் கிளீனரை அதன் உறையில் உள்ளபடி பயன்படுத்திக் கழுவலாம். வாஷிங் சோடா பழைய பித்தளை, செம்பு ரேடியேட்டர்களுக்குச் சரி. இப்போது வரும் அலுமினிய ரேடியேட்டரை அது அரித்துவிடும். புதிய தண்ணீர் ஊற்றியபின் மூடியைத் திறந்து வைத்துச் சிறிது நேரம் ஓட்டி, குமிழ்கள் அடங்கி மட்டம் இறங்கியதும் மீண்டும் நிரப்புங்கள். உள்ளே காற்று நின்றால் அதுவே சூட்டுக்குக் காரணமாகும்.

வடித்த கூலன்ட்டைக் கொட்டகைப் பக்கம் திறந்து வைக்காதீர்கள். அது இனிக்கும், நாயும் ஆடு மாடும் நக்கும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லும் விஷம். வாய்க்காலிலும் விடக் கூடாது.

வண்டியில் குறையில்லை, வேலைதான் அதிகம்

குதிரைத்திறனுக்கு மீறிய அகல ரோட்டாவேட்டர், ஆழமாக இறக்கிய கலப்பை, உயர் கியர். இவற்றோடு புகைபோக்கியில் கரும்புகை வந்தால் இன்ஜின் திணறுகிறது என்று பொருள். இன்ஜின் சுற்று குறையும்போது ஃபேனும் பம்பும் சேர்ந்து குறைகின்றன. சூடு மட்டும் கூடுகிறது. கியரை ஒன்று இறக்கி, ஆக்சிலேட்டரைக் கூட்டிப் பாருங்கள். பல நேரம் முள் தானே இறங்கும். கரும்புகைக்கு அடைத்த ஏர் கிளீனரும் காரணமாகும். புழுதியில் ஆயில் பாத் கிளீனரின் கிண்ணத்தைத் தினமும் திறந்து பார்க்க வேண்டும்.

ரேடியேட்டரே இல்லாத, காற்றால் குளிரும் இன்ஜின்களில் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளும் ஊதும் ஃபேனின் வழியும்தான் எல்லாம். அங்கே சேறு காயவிடாதீர்கள். சில பவர் டில்லர்களில் மேல் தொட்டித் தண்ணீர் கொதித்து ஆவியாவதே அதன் அமைப்பு. அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். மட்டம் குறையாமல் ஊற்றிக்கொண்டிருந்தால் போதும்.

எப்போதுதான் கேஸ்கட்டைச் சந்தேகிப்பது?

ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்புங்கள். காற்றெல்லாம் வெளியேறிய பிறகும், ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க ரேடியேட்டரில் குமிழிகள் விடாமல் வந்தால், சிலிண்டர் அழுத்தம் தண்ணீர்ப் பாதைக்குள் புகுகிறது. ஆயில் ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருப்பது, வெளியே ஒழுகல் இல்லாமலே தண்ணீர் குறைவது, சூடான பிறகும் வெண்புகை நிற்காதது ஆகியவையும் அடையாளங்கள். ஆயில் வெளுத்திருந்தால் வண்டியைப் பட்டறைக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள், இழுத்துப் போங்கள். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்குகளைக் காக்காது.

ஹெட்டைக் கழற்றினால் அதை நேர்ச்சட்டம் வைத்து வளைவு பார்க்கச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் லேத்தில் சமப்படுத்தாமல் புதுக் கேஸ்கட் நிற்காது. போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள வரிசையில், டார்க் ரெஞ்சு வைத்தே இறுக்க வேண்டும். வாரண்டி முடியாத வண்டியானால் உள்ளூர்ப் பட்டறையில் கழற்றாமல் டீலரிடம் விடுங்கள். கேஸ்கட் போனதற்கான மூல காரணம் ரேடியேட்டரிலோ பெல்ட்டிலோ இருந்தால், அதையும் அதே நாளில் சரிசெய்து, சுமையோடு அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லி, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகு வண்டியை எடுங்கள்.